ஐம்பது ஆண்டுக் காது

டெஸ்மண்ட் ஹார்விங்டன் என்ற வெள்ளைக்காரர் ஐம்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அதுதான் அவருடைய தொழில். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊரில் பிறந்து, உள்ளூர் வானொலியில் மீனவர்களுக்குக் காற்றின் வேகத்தை வாசித்துக்கொண்டிருந்தவர், இளம் வயதிலேயே தோளில் ஒரு டேப் ரெக்கார்டரை மாட்டிக்கொண்டு வளைகுடாவில் வந்து இறங்கினார். அதன் பிறகு இந்தப் பக்கம் அவர் காதில் விழாத சத்தம் கிடையாது. முத்துக்குளித்துக் கிழவரானவர்களின் மூச்சு, ஒட்டகம் அசைபோடுவது, பெரிய மனிதர்கள் வீட்டில் காப்பி ஊற்றுவது என்று எல்லாவற்றையும் பதிவு செய்து லண்டனுக்கு அனுப்பினார். அங்கே ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே அதைக் கேட்டார்கள்.

எழுத்தாளராகவும் அவர் சோடை போகவில்லை. ‘மணல் என்னிடம் பேசியது’ என்று ஒரு புத்தகம் எழுதினார். அது நன்றாக விற்றதால் ‘மணல் மறுபடியும் பேசியது’ என்று இன்னொன்று எழுதினார். மூன்றாவது புத்தகத்தில் மணல் பேசவில்லை, அவரே பேசினார். அதற்குத்தான் பரிசு கிடைத்தது.

இத்தனை வருடத்தில் அவர் அரபி கற்றுக்கொள்ளவில்லை. இந்தியும் மலையாளமும் தமிழும் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தும் ஒன்றும் ஒட்டவில்லை. கிளம்பு என்பதற்கு யெல்லா, முடிந்தது என்பதற்கு கலாஸ், இல்லை என்பதற்கு மாஃபி என்ற மூன்று வார்த்தைகளோடு அரை நூற்றாண்டை ஓட்டிவிட்டார். யாரோ ஒருவர் இதைக் கேட்டபோது, “அர்த்தம் புரிந்துவிட்டால் அப்புறம் குரலைக் கேட்க முடியாது” என்று பதில் சொன்னார். துபாயில் அவர் பெயரால் நடக்கும் செவி மன்றம் என்ற அமைப்பின் வாசலில் இந்த வாசகம் பித்தளை எழுத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது. அதைத் துடைப்பதற்கென்று ஒரு நேபாளி இருக்கிறார். எழுதியிருப்பது என்னவென்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

சோலையப்பன் இந்தப் பெரிய வாழ்க்கைக்குள் நுழைந்தது அஜ்மானில் உள்ள ஒரு லேபர் கேம்ப்பில். முதுகுளத்தூர் பக்கத்துக்காரன், வெல்டர். அவனையும் அவன் ரூமில் இருந்த கோபாலசாமியையும் கம்பெனி அந்தக் கோடையில் புஜைராவுக்கு எண்ணெய்த் தொட்டி வேலைக்கு அனுப்பியிருந்தது. கோடையில் உச்சி நேரத்தில் வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் உண்டு. கம்பெனி சட்டத்தை மதிக்கும் கம்பெனி. ஆகவே உச்சி நேரத்தில் அவர்களைத் தொட்டிக்கு உள்ளே இறக்கியது. இரும்புத் தொட்டிக்குள் வெயில் படாது அல்லவா.

அங்கே கோபாலசாமி சரிந்து விழுந்தான். சோலையப்பன் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு மேலே பார்த்துக் கத்தினான். தொட்டிக்குள் கத்தினால் சத்தம் சுற்றிச் சுற்றிக் கத்தியவன் காதுக்கே திரும்ப வரும். மேலே இருந்தவர்களுக்குக் கேட்க நேரமாகிவிட்டது. சோலையப்பனின் தொண்டை அன்றைக்குப் போனதுதான், பழையபடி ஆகவில்லை.

உடல் புஜைரா ஆஸ்பத்திரிப் பிணவறையில் இருந்தது. ஊருக்கு அனுப்பக் கம்பெனி ஒரு கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும் என்று கம்பெனி சொன்னது. ஆம்புலன்சில் ஏற்றும்போது கோபாலசாமிக்கு மூச்சு இருந்ததா, இல்லையா? இருந்தது என்றால் அவன் வேலையிடத்தில் சாகவில்லை, ஆம்புலன்சில்தான் செத்தான். ஆம்புலன்ஸ் கம்பெனியுடையது இல்லை. இதை ஆராய ஒரு குழு போட்டிருந்தார்கள். குழுவின் தலைவர் லீவில் போயிருந்தார்.

கோபாலசாமியின் மனைவி உமாராணி ஊரிலிருந்து தினமும் சோலையப்பனுக்குப் போன் செய்தாள்.

“அண்ணே, எப்பண்ணே அனுப்புவாக?”

“கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் தாயி.”

“இங்க சொந்தக்காரவுக எல்லாரும் வந்து உக்காந்துட்டு எந்திரிச்சுப் போயிட்டாக. நான் தாலிய வச்சுக்கிறதா கழட்டுறதான்னு தெரியாம இருக்கேன்.”

இந்தச் சமயத்தில்தான் ஹார்விங்டன் தன்னுடைய கடைசித் தொடருக்காக ஒரு தொழிலாளியின் குரலைத் தேடி கேம்ப்புக்கு வந்தார். அவரைக் கூட்டி வந்தவன் விஜயபாஸ்கர், கோயம்புத்தூர்க்காரன். கம்பெனியில் அவன் பதவிக்குத் தொழிலாளர் மகிழ்ச்சி அதிகாரி என்று பெயர். உடன் மொழிபெயர்க்க ஆலியா என்ற பெண்ணும் வந்திருந்தாள். கீழக்கரைக் குடும்பம், ஷார்ஜாவில் பிறந்து வளர்ந்தவள், செவி மன்றத்தில் வேலை. தமிழ் பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை யோசித்து வைப்பாள்.

ஆட்களை வரிசையாக நிற்கவைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொன்னார்கள். ஹார்விங்டன் கண்ணை மூடிக்கொண்டு வரிசையோடு நடந்தார். சோலையப்பன் “ஒண்ணு” என்றதும் நின்றுவிட்டார்.

“இந்தக் கரகரப்பு,” என்றார் ஆங்கிலத்தில். “இதைத்தான் வருடக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தேன். இது எங்கிருந்து வருகிறது?”

ஆலியா கேட்டுச் சொன்னாள். “தொட்டிக்குள்ள கத்துனதுல வந்துச்சு” என்றான் சோலையப்பன். அவள் அதை மொழிபெயர்ப்பதற்குள் ஹார்விங்டன் ஒரு விரலைத் தூக்கி அவளை நிறுத்தினார். பதிவுக்கு முன்னால் அர்த்தம் வேண்டாமாம்.

அவர் காது அபாரமான காது என்பதில் சந்தேகமில்லை. மூன்று ரூம் தள்ளி ஓடிய ஃபிரிட்ஜை அணைக்கச் சொன்னார். மாடியில் செருப்போடு நடந்தவனை உட்காரச் சொன்னார். வெளியே தண்ணீர் லாரியின் எஞ்சினை நிறுத்த ஆள் அனுப்பினார். எல்லாம் அடங்கியதும் பூனைக்குட்டி மாதிரி ரோமம் போர்த்திய மைக்கைச் சோலையப்பன் வாய்க்கு நேராக நீட்டி, “பேசுங்கள், உங்கள் மனதில் இருப்பதை” என்றார்.

லண்டன் ரேடியோ என்று விஜயபாஸ்கர் சொல்லியிருந்தான். லண்டன் ரேடியோவில் சொன்னால் உலகத்துக்கே தெரியும், தெரிந்த பிறகு உடலை எப்படி வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று சோலையப்பன் நினைத்தான். ஆகவே எல்லாவற்றையும் சொன்னான். தொட்டியைச் சொன்னான், கோபாலசாமி கடைசியாகத் தண்ணி கேட்டதைச் சொன்னான், உமாராணி போனில் கேட்டதைச் சொன்னான். விஜயபாஸ்கர் பாதியில் வெளியே போய் யாருடனோ போனில் பேசினான். ஆலியா பேனாவைப் பிடித்தபடி எழுதாமல் இருந்தாள். ஹார்விங்டனின் மூடிய கண்ணிலிருந்து கண்ணீர் வழிந்தது.

அதைப் பார்த்ததும் சோலையப்பனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மனுசன் அழுகிறாரே.

நிகழ்ச்சி ஒலிபரப்பான அன்று ரூமில் எல்லோரும் ஒரு மொபைலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முதலில் காற்றடிக்கும் சத்தம். பிறகு சோலையப்பனின் குரல்: “எங்க கோபாலசாமி இருக்கானே…” அவ்வளவுதான். குரல் கிணற்றில் போட்ட கல் மாதிரி அடியில் போய்விட்டது. மேலே ஒரு இங்கிலீஷ்காரன் கனத்த குரலில் பேச ஆரம்பித்தான். அடியில் சோலையப்பனின் குரல் முனகிக்கொண்டே போனது.

“நம்ம சொன்னத இங்கிலீசுல சொல்லுறாக,” என்று பக்கத்துக் கட்டில்காரன் விளக்கினான். எல்லோருக்கும் சந்தோஷம். சோலையப்பன் உமாராணிக்குப் போன் போட்டு, “லண்டன்ல சொல்லியாச்சு தாயி” என்றான்.

லண்டனிலிருந்து யாரும் புஜைராவுக்குப் போன் செய்யவில்லை. அந்த நிகழ்ச்சிக்கு ஒரு பரிசு மட்டும் வந்தது. விஜயபாஸ்கர் கேக்கோடு கேம்ப்புக்கு வந்தான்.

“சோலையப்பன், நீங்க இப்ப ஃபேமஸ். லண்டன்ல உங்க குரலக் கேட்டு அழுதிருக்காங்க.”

“பாடிய எப்ப சார் அனுப்புவீங்க?”

“இந்த மாதிரி நேரத்துல நெகட்டிவா பேசாதீங்க. கேக் எடுத்துக்கங்க.”

அடுத்த வெள்ளிக்கிழமை சோலையப்பன் பஸ் பிடித்துத் துபாய்க்குப் போனான். செவி மன்றத்தைக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்தான். வரவேற்பில் அவன் பெயரைச் சொன்னதும் ஓடி வந்து உள்ளே அழைத்துப் போனார்கள். ஒரு வட்ட அறை. அங்கே எந்தப் பேச்சையும் தொடங்குவதற்கு முன்னால் எல்லோரும் கண்ணை மூடி மௌனமாக உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது விதி. என்ன கேட்க வேண்டும் என்று சோலையப்பனுக்குப் புரியவில்லை. ஏசி ஓடுவது கேட்டது. அவன் “அம்மா, புஜைரால ஒரு பாடி” என்று ஆரம்பித்தபோது நாலைந்து பேர் உதட்டில் விரல் வைத்தார்கள்.

மௌனம் முடிந்ததும் மன்றத்தின் இயக்குநர் ஃபிலிப்பா என்ற அம்மையார் அவன் கைகளைப் பிடித்துக்கொண்டார். அவன் சொன்னதை ஆலியா ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். அம்மையார் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

“நீங்கள் சொன்னது கேட்கப்பட்டது,” என்றார் கடைசியில்.

“சரிம்மா. என்ன செய்யப் போறீக?”

ஆலியா மொழிபெயர்த்தாள். அம்மையாரின் முகத்தில் லேசான வருத்தம் தெரிந்தது. “கேட்பதே ஒரு செயல். எங்கள் அமைப்பு அந்த நம்பிக்கையின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் ஏதாவது செய்தால் நாங்கள் கேட்பவர்களாக இருக்க மாட்டோம், தலையிடுகிறவர்களாகிவிடுவோம். அது தவிர, இந்தக் கட்டடத்தின் இரண்டு மாடிகளை உங்கள் கம்பெனிதான் கட்டிக் கொடுத்தது. மிக நல்ல மனிதர்கள்.”

வெளியே லிஃப்ட்டுக்குக் காத்திருந்தபோது ஆலியா மெதுவாகச் சொன்னாள்.

“அங்கிள், ரேடியோல இங்கிலீஷ்ல என்ன வந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?”

“நான் சொன்னதுதானம்மா.”

“இல்ல அங்கிள். அதுல ஒரு கிணறு வருது. உங்க அம்மா கையால தோண்டுன கிணறு. அந்தத் தண்ணியோட டேஸ்ட்ட நெனச்சு நீங்க டெஸர்ட்ல அழுறீங்க. அவ்ளோதான்.”

சோலையப்பன் யோசித்துப் பார்த்தான். “எங்க ஊர்ல கிணறே இல்லையேம்மா. தண்ணி லாரியிலதான வருது. எங்க ஆத்தா எதுக்குக் கிணறு தோண்டுது?”

“ரெக்கார்டிங்கக் கேட்டு நான் சரியாத்தான் எழுதிக் குடுத்தேன், அங்கிள். சாரி.” அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். “ஹார்விங்டன் சார்ட்ட கேட்டேன். கத்துனாரு.”

லிஃப்ட் திறந்தது. உள்ளே ஹார்விங்டனே நின்றிருந்தார். சோலையப்பனைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆலியா ஏதோ சொல்ல, அவர் சிரிப்பு மாறாமலேயே பதில் சொன்னார். வயதில் சின்னவனுக்குத் தொழில் ரகசியம் சொல்லிக்கொடுப்பது போல இருந்தது அவர் சொன்ன விதம்.

“செத்துப்போகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், நண்பரே. லண்டனில் ரொட்டி தின்றுகொண்டிருப்பவனிடம் ஒரு சாவைச் சொன்னால் ரேடியோவை அணைத்துவிடுவான். ஒரு கிணற்றைச் சொன்னால் அழுவான். அவன் அழுதானா இல்லையா? அது உங்கள் துக்கத்துக்காக அழுத அழுகைதான். நான் விலாசத்தை மட்டும் மாற்றினேன்.”

ஆலியா இதைத் தமிழில் சொன்னாள். சோலையப்பன் அந்த மனிதரின் காதுகளைப் பார்த்தான். சிவந்த, பெரிய, நல்ல காதுகள். கையை ஓங்கத் தோன்றியது. விசா கம்பெனி கையில், பாஸ்போர்ட்டும் கம்பெனி கையில், கோபாலசாமியும் கம்பெனி கையில். அவன் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

ஹார்விங்டனின் ஐம்பது ஆண்டுச் சேவையைப் பாராட்டிச் செவி மன்றம் ஒரு பெரிய விருந்து ஏற்பாடு செய்திருந்தது. செலவு முழுவதும் சோலையப்பனின் கம்பெனி. மேடையில் ஹார்விங்டனுக்குத் தங்கக் காது என்ற விருதைக் கொடுப்பார்கள். அதற்கு முன்னால் சோலையப்பன் நேரில் தோன்றிக் கிணற்றைப் பற்றிப் பேச வேண்டும்.

“பேசிட்டீங்கன்னா மறுநாளே கையெழுத்து,” என்றான் விஜயபாஸ்கர். “மேலிடத்துல நான் பேசிட்டேன். பேசலேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. குழுத் தலைவர் லீவ எக்ஸ்டெண்ட் பண்ணிட்டாரு.”

பேச வேண்டியதை அச்சடித்துக் கொடுத்தார்கள். லண்டனில் எழுதிய ஆங்கிலத்தை யாரோ தமிழாக்கியிருந்தார்கள். ‘ஓ என் தாயின் கிணறே, உனது இனிமையான நீர் எனது எலும்புகளில் இன்னும் பாடுகிறது’ என்று தொடங்கியது. சோலையப்பன் அதை மனப்பாடம் செய்ய வேண்டும். தன் மனதில் இருப்பதைத் தானே மனப்பாடம் செய்வது அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. ஒத்திகையில் மூன்றாவது வரியில் தடுமாறினான். “இயல்பாகப் பேசுங்கள்,” என்று திருத்தினார் ஃபிலிப்பா அம்மையார்.

விருந்துக்கு அவன் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனான். அதைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். தொழிலாளர்கள் போடும் புது கவரால் உடுப்பு ஒன்று கொடுத்தார்கள். அது ரொம்பப் புதிதாக இருக்கிறது என்று ஒரு மேக்கப் பெண் பழுப்புப் பொடியைத் தொட்டுத் தொட்டு அழுக்காக்கினாள். ஹெல்மெட்டில் கீறல் இல்லை என்று ஒருவர் அதைத் தரையில் தேய்த்துக் கொண்டுவந்தார். நெற்றியில் வியர்வைக்காகத் தண்ணீர் தெளித்தார்கள். ஹாலில் ஏசி அதிகம் என்பதால் அவன் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தான். “இந்த நடுக்கம் நன்றாக இருக்கிறது, விட்டுவிடுங்கள்,” என்றார் அம்மையார்.

ஏற்பாடு இதுதான். சோலையப்பன் பேசத் தொடங்கியதும் முதல் வரி மட்டும் ஹாலில் கேட்கும். பிறகு ஒலி மேசையில் இருக்கும் ஹஸ்னைன் என்ற லாகூர்க்காரர் அவன் குரலை இறக்குவார். லண்டனிலிருந்து வந்திருந்த நடிகர் ஆங்கிலத்தில் தொடர்வார். ஹஸ்னைனுக்குத் தமிழ் தெரியாது; ஆகவே ஆலியா பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வரி முடிந்ததும் அவர் தோளைத் தட்ட வேண்டும்.

மேடையேறுவதற்கு முன்னால் ஆலியா அவனிடம் வந்தாள். “அங்கிள், நீங்க என்ன பேசினாலும் ஒரு லைன்தான் கேக்கும்.”

“அப்ப எதுக்கும்மா இத்தன ஒத்திகை?”

ஆலியா தன் இடத்துக்குப் போனாள்.

முதலில் விஜயபாஸ்கர் கம்பெனியின் சார்பில் பேசினான். கோட்டு அவனுக்கு நன்றாகப் பொருந்தியிருந்தது. “எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு குரல் உண்டு,” என்றான். “அது எந்த நேரத்தில், எந்த அளவில் வெளியே வர வேண்டும் என்பதை மட்டும் நாங்கள் ஒழுங்கு செய்கிறோம். எங்கள் தொழிலாளர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். அப்படி இல்லாதவர்களைப் பற்றி எங்களுக்குத் தகவல் வந்தவுடன் அவர்கள் எங்கள் தொழிலாளர்களாக இருப்பதில்லை.” ஹால் கைதட்டியது.

பிறகு ஹார்விங்டன் பேசினார். “ஐம்பது வருடத்தில் ஆயிரக்கணக்கான மனிதர்கள் என்னிடம் பேசியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து, நான் அவர்களைத் தவறாகச் சொல்லிவிட்டதாகக் குறை சொன்னதில்லை. ஏனென்றால் நான் சொன்னதை அவர்கள் கேட்டதில்லை.” இதை அவர் நகைச்சுவையாகச் சொன்னார். ஹாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது.

விளக்கை அணைத்தார்கள். ஒரே ஒரு வெளிச்சம் சோலையப்பன் மேல் விழுந்தது. மேசைகளுக்கு நடுவே வெயிட்டர்கள் இனிப்புத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள். மைக்கைப் பார்த்ததும் கிணறு மறந்துவிட்டது. ஒரு வரிதான் என்றால் எந்த வரி என்று யோசித்தான்.

“புஜைரா பிணவறையில எங்க கோபாலசாமி கெடக்கான்.”

நடிகர் வாயைத் திறந்தார். ஹஸ்னைன் கையைப் பொத்தானில் வைத்துக்கொண்டு ஆலியாவைப் பார்த்தார். “அபீ?” என்றார். இப்போதா என்று அர்த்தம்.

ஆலியா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, “நஹீன் பாய்” என்று மறுத்தாள்.

சோலையப்பன் தன் குரல் ஹாலில் சுற்றிவருவதைக் கேட்டான். அது இறங்கவில்லை; நடிகரும் தன் முறை வராததால் வாயை மூடிக்கொண்டார். அவன் தொடர்ந்தான்.

“பரமக்குடிப் பக்கம். கல்யாணமாகி ரெண்டு பிள்ளைக. உச்சி வெயில்ல எங்கள தொட்டிக்குள்ள எறக்குனாக. ஏன்னு கேட்டதுக்கு உள்ள நெழல்தானடான்னாக. வெல்டிங் பொகையும் சூடுமா இருந்துச்சு. தண்ணி கேட்டான். தண்ணி மேல இருந்துச்சு. நான் கத்துனேன். எந்திரிச்சுப் போயி எடுத்துட்டு வந்திருக்கலாம், அவன் தலைய கீழ வைக்க மனசு வரல. அவன் எங்க செத்தான்னு இன்னமும் பேசிக்கிட்டு இருக்காக. நான் சொல்லுறேன், என் மடியில செத்தான். ஆம்புலன்ஸ்ல இல்ல. அந்தப் பிள்ள தாலியக் கழட்டவா வேணாமான்னு எங்கிட்ட கேக்குது. யாராச்சும் அவன ஊருக்கு அனுப்பிவிடுங்க.”

ஹாலில் ஐந்நூறு பெரிய மனிதர்கள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கும்போது கண்ணை மூட வேண்டும் என்று அழைப்பிதழிலேயே போட்டிருந்தது. ஒரு அம்மாள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். ஆனால் தட்டுகளின் சத்தம் நின்றுவிட்டிருந்தது. திருநெல்வேலி, கடலூர், மன்னார், பாலக்காடு என்று எங்கெங்கிருந்தோ வந்த வெயிட்டர்கள் மேசைகளுக்கு நடுவே நின்ற இடத்தில் நின்றார்கள்.

அவர்களில் ஒருவன் இருட்டிலிருந்து கேட்டான். “எந்தக் கம்பெனிண்ணே?”

சோலையப்பன் பின்னால் கை காட்டினான். கம்பெனியின் பெயர் மேடை முழுக்க நீல விளக்கில் எரிந்துகொண்டிருந்தது.

“யாருண்ணே கையெழுத்துப் போடணும்?” என்றது இன்னொரு குரல்.

“இப்ப கோட்டு போட்டுப் பேசுனாருல்ல, அவருதான் வாங்கித் தரணும்.”

வெயிட்டர்கள் தட்டுகளைக் கையில் பிடித்தபடியே விஜயபாஸ்கர் உட்கார்ந்திருந்த மேசையைப் பார்த்துத் திரும்பினார்கள். யாரும் எதுவும் செய்யவில்லை. சும்மா பார்த்தார்கள். சிலர் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். விஜயபாஸ்கர் தண்ணீர் கிளாசை எடுத்தான். அதில் தண்ணீர் இல்லை. ஊற்ற யாரும் வரவில்லை.

ஹார்விங்டன் மெய்சிலிர்த்துப்போயிருந்தார். பக்கத்திலிருந்தவரிடம் அவர் கிசுகிசுத்தது அவருடைய சட்டை மைக் வழியாக ஹால் முழுவதும் கேட்டது. “கேளுங்கள், கேள்வியும் பதிலுமாகப் பாடுகிறார்கள். இது அவர்களுடைய பழைய ஒப்பாரி மரபு. கிணற்றைச் சுற்றி நின்று பாடுவது.”

விளக்கு வந்ததும் ஹால் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது. தங்கக் காது கொடுக்கப்பட்டது. இனிப்பு மட்டும் கடைசிவரை வரவில்லை.

வெயிட்டர்கள் எடுத்த படம் மறுநாள் மதியத்துக்குள் வளைகுடா முழுக்கப் பரவியது. ரியாத்தில் நம் ஆட்கள் கூடும் பத்தா பகுதியின் சாப்பாட்டுக் கடைகளில்கூட ஆட்கள் அதைப் போட்டுக் கேட்டார்களாம். அன்று மாலையே குழுத் தலைவர் லீவில் இருந்துகொண்டே கையெழுத்துப் போட்டார். லீவில் இருந்தால் கையெழுத்துப் போட முடியாது என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

விஜயபாஸ்கர் கேம்ப்புக்கு வந்தான். இந்த முறை கேக் இல்லை.

“பாடி நாளைக்குப் போகுது. கூட நீங்களும் போறீங்க. உங்க விசா கலாஸ்.”

“எனக்கு எதுக்கு சார்?”

“துணைக்கு ஆள் வேணாமா? கம்பெனி மனிதாபிமானத்தோட பண்ணுது.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். “என்னையும் மகிழ்ச்சிலேருந்து எடுத்துட்டாங்க. ஸ்டோர்ஸ்ல போட்டிருக்காங்க.”

சோலையப்பன் அவனுக்கு ஆறுதல் சொல்லவில்லை. பெட்டியைக் கட்டினான்.

கோபாலசாமியை மதுரையில் இறக்கி ஊருக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். உமாராணி தாலியைக் கழற்றினாள். துபாயில் செவி மன்றம், உடலை மரியாதையோடு அனுப்பிவைத்ததற்காகக் கம்பெனிக்கு ஒரு வெள்ளிக் காது கொடுத்தது. ஹஸ்னைனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஆலியாவை நிறுத்தவில்லை, தட்டாமல் விட்டது கலைநயமான முடிவு என்று ஹார்விங்டனே எழுதிக் கொடுத்தார். அந்தக் காரணம் தெரிந்தபோது அவள் ராஜினாமா எழுதினாள். ஆனால் அடுத்த வேலை என்னவென்று கேள்விப்பட்டதும் அதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டாள். ஹார்விங்டன் கோபாலசாமியின் மனைவியைப் பதிவு செய்ய ஊருக்கே போகிறார். வேறு யாராவது கூடப் போனால் உமாராணி என்ன சொன்னாலும் அது கிணறாகிவிடும்.

ஒரு காலை நேரத்தில் இருவரும் உமாராணியின் வீட்டு முன்னால் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். சோலையப்பன் தகவல் தெரிந்து வந்து வாசலில் நின்றான். உமாராணி அவர்களை உள்ளே கூப்பிட்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். ஹார்விங்டன் மைக்கை அவள் முன்னால் வைத்து, ஃபேனை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினாள். கோழியை விரட்டச் சொன்னார். விரட்டினாள்.

“பேசலாம், அழலாம், சும்மா இருக்கலாம்,” என்று ஆலியா அவர் சொன்னதைச் சொன்னாள். “உங்க இஷ்டம்னு சொல்றாரு, அக்கா.”

உமாராணி மைக்கைப் பார்த்தாள். பிறகு அதை எடுத்துத் திருப்பி ஹார்விங்டனைப் பார்த்து வைத்தாள்.

“அவரச் சொல்லச் சொல்லும்மா. அந்த ஊர்ல அம்பது வருசம் இருந்திருக்காராம்ல. எம் புருசன் மாதிரி எத்தனை பேரு செத்தாக, எப்படிச் செத்தாக, ஏன் யாரும் கேக்கலன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். சொல்லட்டும். நான் கேக்குறேன்.”

ஆலியா ஒன்றையும் மாற்றாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். ஹார்விங்டன் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்தினார். எதையோ சொல்ல வாயெடுத்து, மைக்கைப் பார்த்து மூடிக்கொண்டார். நெற்றியில் வியர்வை கோத்தது. ரெக்கார்டரை எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு ஆலியாவிடம் மெல்ல ஏதோ சொன்னார்.

“பேட்டரி தீந்துபோச்சாம், அக்கா.”

உமாராணி எழுந்து, சுவரில் சொருகியிருந்த தன் போன் சார்ஜரைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். பிளக்கைக் காட்டினாள்.

“இதுல சொருகச் சொல்லு,” என்று சொல்லிவிட்டு வந்து அவருக்கு நேர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “ஏறட்டும். எனக்கு ஒரு அவசரமும் இல்ல.”